எட்டாவது மண்வெட்டி

பூபாலபிள்ளை விதானையார் இறந்துபோனார் என்ற செய்தியை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. காலை ஏழு மணிக்கு அவருடைய மகன் எங்கள் கொட்டில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அப்பா போயிற்றார் தங்கச்சி. எல்லா ஊருக்கும் நீதான் அறிவிக்கணும். என்னால கதைக்க ஏலாமக் கிடக்கு" என்றார். அம்மாவின் போனை எடுத்து ஒவ்வொரு ஊராக அழைத்தேன். முதல் ஊர்த் தலைவர், "காலங்காத்தால பகிடி விடாத புள்ள" என்று வைத்துவிட்டார். அடுத்தவர், "அம்மாட்ட போனக் குடு" என்றார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள முஸ்லிம் ஊரின் மீனவர் தலைவர் ஹனிபா காக்கா மட்டும் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இப்ப எந்த மகள் பேசுற?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தகுதியானவள்தான். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நினைவுப் புத்தகத்தில், இந்தக் கல்வெட்டில், எல்லாரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்திருப்பீர்கள். அந்தப் பொறுமையால் நனைந்தவர்கள் சார்பில் ஒருத்தியாவது எழுத வேண்டும் அல்லவா.

இந்தப் புத்தகம் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் போகும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஆற்றுவாய் வருடத்தில் பாதி மணலால் மூடிக் கிடக்கும். மாரியில் ஆறு நிரம்பினால் அந்த மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. மேற்கே படுவான்கரை வயற்காரருக்கு இன்றைக்கே வெட்ட வேண்டும். பிந்தினால் வட்டை என்கிற வயல்வெளி முழுவதும் மூழ்கிப் பயிர் அழுகும். கிழக்கே எழுவான்கரை மீன்காரருக்கு அடுத்த கிழமை வெட்ட வேண்டும். முந்தினால் உள்ளே பருக்கிற இறால் கடலோடு போய்விடும். வெட்டியதை ஒட்டவும் முடியாது. அதற்காக ஏழு ஊர் சேர்ந்து ஒரு கூட்டுச்சபை வைத்திருந்தன. ஏழு ஊரும் சம்மதித்து, ஊருக்கு ஒரு மண்வெட்டியோடு வந்து, ஏழு மண்வெட்டியும் ஒன்றாக மணலில் விழ வேண்டும். ஒரு ஊர் வராவிட்டாலும் வெட்டு இல்லை.

அந்தச் சபையின் செயலாளர்தான் விதானையார். ஒரு காலத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாக இருந்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் பேர் அவரை விடவில்லை. நான் வைத்த பேர் நிதானையார். கூட்டுச்சபைக்குக் கொட்டாவிச் சபை. அவர் "வெட்டுக்கூட்டம்" என்று அறிவித்தல் ஒட்டினால், நான் ஓர் எழுத்தைத் திருத்தி அதை வெட்டிக்கூட்டம் ஆக்கிவிடுவேன். அவர் மறுநாள் வந்து, திட்டாமல், புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார். அதுவும் எரிச்சல்தான்.

அவருடைய கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காலையில் தொடங்கினால் வெற்றிலைத் தட்டம் மூன்று முறை நிரம்பும். யாராவது பொறுமை இழந்து, "அஞ்சு ஊர் ஓமெண்டிற்று, கையத் தூக்கச் சொல்லி எண்ணிப்போட்டு முடிங்களன்" என்பார். விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அஞ்சு ஊர் சேந்து ரெண்டு ஊர வெட்டலாம் தம்பி. ஆத்த வெட்ட ஏழும் வேணும்." பிறகு அந்த இரண்டு ஊருக்காரரையும் பார்த்து, விட்ட இடத்திலிருந்தல்ல, தொடங்கிய இடத்திலிருந்து தொடங்குவார்.

சுனாமிக்கு அடுத்த மாரியில் நடந்ததை நானே கண்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கடல் அப்பாவையும் வீட்டையும் எடுத்தபின் எங்களுக்குத் தகரக் கொட்டில் கட்டித் தந்த இடம் ஆற்றுவாய்க்குப் பக்கத்துப் பள்ளம். படுவான்கரை இயக்கத்திடம், எழுவான்கரை அரசாங்கத்திடம் இருந்த காலம். விதானையாரின் வீடு ஒன்றில், வயல் மற்றதில். ஒரு நாள் இயக்கத்திலிருந்து ஒருவர் வந்து உடனே வெட்டச் சொன்னார். மறுநாள் ஓர் ஆமி அதிகாரி வந்து, தாங்கள் சொல்லாமல் வெட்டக்கூடாது என்றார். விதானையார் இரண்டு பேருக்கும், ஏழு ஊர் வந்தால்தான் வெட்டுவோம் என்றே சொன்னார். "உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்த?" என்று இரண்டு பேரும் கேட்டார்கள். அந்த இரண்டு தரப்பும் ஒரே வசனம் பேசி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"ஒருத்தரும் தரல்ல. ஏழு ஊர் வந்தா அதிகாரம் இரிக்கு. ஆறு வந்தா இல்ல."

அதிகாரிக்கு மொழிபெயர்த்தவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். இந்த மனுசன் பகிடி விடுகிறாரா என்று அவருக்குச் சந்தேகம். விதானையார் பகிடி விட்டதே இல்லை. அது அவருக்கு வராது. ஒன்பது நாள் காத்திருந்து ஏழு ஊரும் வந்தபின்தான் வெட்டினார்கள். அதற்குள் முதலில் மூழ்கியது எல்லாவற்றிலும் பள்ளமாகக் கிடந்த அவருடைய வயல். அதனால் வாய் திறந்து அவரைத் திட்டவும் முடியாமல் போயிற்று.

நான் வாய் திறந்தது மூன்று மாரி கழித்து. அப்போது கிழக்கில் சண்டை ஓய்ந்து, போர் வன்னிக்குப் போயிருந்தது. தற்காலிகம் என்று தந்த கொட்டில் தற்காலிகமாக நான்காவது வருடத்தைக் கண்டது. ஆறு வாசல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நிவாரணத்தில் கிடைத்த அம்மாவின் தையல் மெசின். அதில்தான் எங்கள் சோறு. ஆறு ஊர் சம்மதம் சொல்லிவிட்டது. ஏழாவது ஹனிபா காக்காவின் ஊர். அவர் கொழும்புக்குப் போயிருந்தார், போனும் பிடிபடவில்லை. ஊரார், "காக்கா வரட்டும்" என்றார்கள். விதானையாரும், "காக்கா வரட்டும்" என்றார்.

சுனாமி அடித்தபின் மூன்று கிழமை அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தெழும்பியவள் நான். அவர்களுடைய பேச்சு எனக்கு வாயில் நிற்கும். சந்திக் கொமினிகேசன் கடைக்குப் போய் விதானையாருக்கு அழைப்பெடுத்தேன்.

"விதானையார் மாமாவா? நான் ஹனிபாட மகள் பேசுறன். வாப்பா கொழும்பில இரிந்து செல்லி அனுப்பின. வெட்டட்டாம். எங்கட மண்வெட்டியையும் உங்கட ஆக்களே போடட்டாம்."

"வாப்பா சுகமா இரிக்காரா மகள்?"

"ஓம் மாமா."

"சந்தோசம். சாப்பிட்டயா?"

சாப்பிட்டேன் என்று அந்த இல்லாத மகளுக்காகவும் ஒரு பொய் சொன்னேன்.

மறுநாள் விடிய மண்வெட்டிகள் விழுந்தன. இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் இறங்கிவிட்டது. ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் நாலு அடி மணல்தான் மிச்சம். அப்போது மோட்டார் சைக்கிளில் ஹனிபா காக்கா வந்து இறங்கினார், கொழும்பு பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு.

"என்ன விதானையார், எங்களுக்கு ஒரு வார்த்த செல்லாம வெட்டுறீங்க?"

"உங்கட மகள்தானே போன்ல சொன்ன."

"எனக்கு ஏது மகள்? நாலும் ஆம்புளப் புள்ள."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார். விதானையார் சிரிக்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "மூடுங்க" என்றார்.

நான் இதுவரை கேட்ட சொற்களிலேயே மிக எரிச்சலான சொல் அதுதான். ஒருவரும் அசையவில்லை. "இன்னும் நாலு வெட்டு விதானையார்" என்று கெஞ்சினார்கள். ஹனிபா காக்காவே, "இவ்வளவு வெட்டியாச்சி, போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். "நீங்க சொல்லி வெட்டின வாய்க்கால் இல்ல இது காக்கா" என்று சொல்லிவிட்டு, அறுபத்தெட்டு வயது மனிதர் மண்வெட்டியைப் பிடித்துத் தானே மணலை உள்ளே தள்ளத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "நான்தான் கதைச்ச. என்ன செய்யப் போறீங்க? எங்கட வாசல்ல தண்ணி நிக்குது" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தா.

விதானையார் நிமிர்ந்தார். என்னைப் பொலிசில் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "நீ எந்த ஊர்?"

"எந்த ஊருமில்ல. கொட்டில்."

"அப்ப உன்ர வாயால கேக்காம, ஏன் அடுத்த ஊர்ர வாயால கதைச்ச?"

"எங்களுக்கு வாய் எங்க இரிக்கு? உங்கட சபையில ஏழு ஊர்தானே. மூழ்குறதுக்கு மட்டும் நாங்க எட்டாவது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என்ர பிழை" என்றார். "நாலு வருசமா என்ர கண்ணுக்கு முன்னால கிடந்த பிழை. மூடிற்றுக் கதைப்பம்."

கவனியுங்கள், மூடிவிட்டு. பிழையை ஒப்புக்கொண்டபின்னும் மூடாமல் விடவில்லை.

மூடியபின் அதே மணலில் கூட்டம் கூடியது. கொட்டிலை எட்டாவது ஊராகச் சேர்ப்பதா என்று ஏழு ஊரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அது முடியவே மதியமாயிற்று. பிறகு எங்களைப் பார்த்து, "உங்கட ஊருக்கு என்ன பேர் எழுதிற?" என்றார். அங்கேதான் நாங்கள் மாட்டினோம். கொட்டிலில் பாதிப்பேர் ஒரு கரையூரிலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் இன்னொன்றிலிருந்து. இரண்டு ஊரும் இப்போது வெறும் அத்திவாரக் கற்கள். ஆனாலும் அவரவர் பழைய ஊர்ப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று இரண்டு பக்கமும் சண்டை. நான்கு வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனங்கள். கடைசியில் அம்மாதான் எழும்பி, "மூழ்கிறது கொட்டில். கொட்டிலெண்டே எழுதுங்க" என்று சொன்னா. எழுதினார்கள். எட்டாத ஊர் எட்டாவது ஊர் ஆயிற்று.

ஹனிபா காக்கா ஓர் இரவு கேட்டார், வலைகளை எடுக்க. எட்டு ஊரும் சம்மதித்தது. நாங்களும் சம்மதித்தோம், முதன்முதலாக எங்களிடம் கேட்டார்கள் என்ற பெருமையில். அந்த ஓர் இரவில் தண்ணீர் கொட்டிலுக்குள் ஏறி, தையல் மெசினின் பலகை ஊதி வெடித்தது. மறுநாள் விடிய, எட்டு மண்வெட்டிகள். எங்களுடையதை என்னிடம் தந்தார்கள். மணல் உடைந்து ஆறு கடலுக்குள் பாய்ந்தபோது எல்லாரும் ஆரவாரித்தார்கள். நான் பலகையை நினைத்துக்கொண்டு நின்றேன். இப்போதும் மெசினின் ஒரு பக்கம் செங்கல்லில்தான் நிற்கிறது. இதை நான் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஓம் மகள், அது நட்டம்தான்" என்பாரே தவிர, அன்றைக்கு மூடியது பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வருடம் வெட்டிய வாய்க்காலைப் பற்றி ஒரு ஊரும் பிறகு குறை கதைக்கவில்லை.

இந்த வைகாசியில் போர் முடிந்தது. அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, இனி எல்லாம் ஒரே நாடு, ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, வரும் மாரிக்கு மண் தோண்டும் பெக்கோ மெசின் அனுப்புவோம், ஒரு மணித்தியால வேலை என்றார். விதானையார் அப்போது படுக்கையில். "அனுப்புங்க. எட்டு ஊரும் வந்து நிண்டா மெசினும் ஒரு மண்வெட்டிதான்" என்றார். வந்தவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய உடலை எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்குள் எடுக்க வேண்டும் என்று நேரம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஏழு ஊர் வந்துவிட்டது. ஹனிபா காக்காவின் ஆட்கள் ஜும்மா முடித்துத்தான் வர வேண்டும். வெயில் பந்தலுக்குள் இறங்கிவிட்டது. "ஏழு ஊர் வந்திற்று, காணும், தூக்குங்க" என்றார் ஒரு பெரியவர். மகன் குனிந்தார்.

"எட்டு" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நினைத்துச் சொல்லவில்லை. சொன்னபின் பின்வாங்கவும் முடியவில்லை. நேரம் தப்புகிறது என்று திட்டினார்கள். யாரோ, "என்ன நிதானையாரே" என்று என்னையே கூப்பிட்டார். நான் வைத்த பேர் என் தலையில் வந்து விழுந்தது. ஒன்றரைக்கு அக்கரைத் தோணிகள் வந்தன. மயானத்தில் குழியை எட்டு ஊரும் மூடியது, ஊருக்கு ஒரு மண்வெட்டியாக. மூடுகிற வேலையில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு. யாருக்கு அழைப்பெடுத்தாலும் என் பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்கும் பழக்கம் ஒன்று. இந்த எரிச்சல் மற்றது.

இதை எழுதும்போது ஆறு மறுபடியும் படியில் நிற்கிறது. கந்தோர் அனுப்பிய பெக்கோ ஆற்றுவாயில் நிற்கிறது. எட்டு ஊரும் வராமல் தொடக்கூடாது என்று கொட்டில் பெண்கள் அதற்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் நிழலில் தூங்குகிறார். நேற்று ஹனிபா காக்காவை அழைத்தேன்.

"கொட்டில்ல இரிந்து தர்சினி பேசுறன்."

"செல்லுங்க மகள்."

"எப்ப வெட்டுற காக்கா?"

"மூணு நாள் பொறுங்க மகள். இறால் இன்னும் பருக்கல்ல."

பொறுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தையல் மெசினை மேசைக்கு மேல் தூக்கி வைத்தோம். நல்ல பாரம். தூக்கி முடியும்வரை விதானையாரைத் திட்டினேன்.