இருமலுக்குச் சோறு

பாரிஸ் லா சப்பலில் ரதிதேவியின் இருமலைக் கேட்காதவர்கள் குறைவு. தான் சமைக்கும் சாப்பாட்டுக் கடைக் குசினியில் அவர் இருமத் தொடங்கினால், முன்னுக்கு இருந்து கொத்துரொட்டி சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி நல்ல மனுசன்தான். என்றாலும், "அக்கா, இதை மாத்திப்போட்டு வாங்கோ. இல்லாட்டி வேற ஆளைத்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டார். பாணி மருந்து குடித்தாயிற்று, நெஞ்சைப் படமெடுத்தும் பார்த்தாயிற்று. இருமலோ வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தது.

மகள் கௌசிகா ஒபர்வில்லியேயில் ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் இரண்டு கையிலும் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு பிரெஞ்சில் பேசினார். மகள் தமிழில் சொன்னாள்.

"நுரையீரல் பிள்ளையாம். மண்ணீரலும் வயிறும் தாயாம். தாய் பட்டினி கிடந்தா பிள்ளைக்குப் பலம் போய்ச்சேராதாம். முதல் வயித்துக்கு நேரத்துக்குச் சுடுசோறு குடுக்கட்டாம். காலமை சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறா."

ரதிதேவிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வயிற்றை நிரப்புகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"செவ்வாய், வெள்ளி விரதமெண்டு சொல்லு. வெறும் தண்ணிதான்."

"எப்பயிருந்து?" என்று மகள் கேட்டாள்.

"நீ கலியாணம் கட்டி அடுத்த வரியத்தில இருந்து. உனக்கொரு பிள்ளை தங்கவேணுமெண்டுதான்."

கௌசிகா அதை மொழிபெயர்க்கவில்லை. வைத்தியர் காத்திருந்தார்.

பஸ் தரிப்பில்தான் அவள் வாய் திறந்தாள். "அம்மா, பிள்ளை வேண்டாமெண்டு நாங்கள் முடிவெடுத்துக் கனகாலம். முயற்சி செய்து ரெண்டுபேரும் களைச்சுப்போனம். உங்களுக்குச் சொல்லப் பயம்."

கோபம் வந்திருக்கவேண்டும். ரதிதேவிக்கு அலுப்புத்தான் வந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை கொதிக்கிற சட்டிகளுக்கு முன்னால் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றாரே! முருகனுக்காவது தெரிந்திருக்கும், அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொன்னா விரதத்தை விட்டிருப்பீங்களோ?"

பஸ் வந்தது. ரதிதேவி கம்பியைப் பிடித்து ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை குசினியில் சோற்றுப்பானையைத் திறந்து, முதல் அகப்பைச் சோற்றைத் தன் தட்டில் போட்டார். பருப்பை ஊற்றி, நின்றபடியே பிசைந்தார். முதலாளி எட்டிப்பார்த்தார்.

"என்னக்கா, இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"ஓம் தம்பி. விரதம் முடிஞ்சுது."

சோறு தொண்டையில் சுகமாக இறங்கியது. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. வராமலே போய்விட்ட பேரப்பிள்ளைக்காக அழுதுகொண்டு, தட்டில் இருந்த அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தார்.