வேறொரு சோப்பின் வாசனை

அந்தத் தேவாலயப் பங்கில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மோப்பக்கார அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியாமல் அந்தக் கோயிலில் ஒரு ஈ கூட இடம் மாறி உட்கார முடியாது என்பது அவள் எண்ணம். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள், பிறகுதான் கண்ணால் பார்ப்பாள். அதற்கப்புறமாவது நம்புவாளா என்றால், அதுதான் இல்லை.

பிழைப்பு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். இருபத்திரண்டு வருடமாக விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி என்று மலைமலையாகத் துவைத்துத் தள்ளியவள். எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர், எந்தச் சோப்பு, எத்தனை நேரம் ஊற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நோயாளியின் முகத்தையே பார்க்காமல், அவன் படுத்திருந்த விரிப்பைப் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுக்குப் போயிடுவான்" என்றோ "ம்ஹூம்" என்றோ சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் அவளுக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

கோயில் துணி கூலிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், தன்னிடமிருக்கும் சாவியால் பூசை உடை அறையின் அலமாரியைத் திறந்து, அழுக்குத் துணிகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். பீடத்தின் மேல் அப்பம் வைக்கும் சதுரத் துணி, பூசை ஒயின் கிண்ணம் துடைக்கும் நீளத் துணி, சாமியார் கைதுடைக்கும் சின்னத் துண்டு. முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, ஏனென்றால் அதில் நற்கருணை அப்பத்தின் துகள் இருக்கலாம். செடி அடியில் மண்ணில்தான் ஊற்றுவாள். மெழுகு சிந்திய இடத்தில் காகிதம் வைத்துச் சூடாகத் தேய்த்து எடுப்பாள். சதுரத் துணியை மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது கட்டம் வரும்படி உள்பக்கமாக மடிப்பாள். ஒரு மடிப்பு விலகினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்தத் துணிகள்மேல் அவளுக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அவள் வீட்டில் கஞ்சி போடும் வழக்கமே கிடையாது. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கணவன் போட்டுக்கொண்டு போன சட்டை காலர் விறைப்பாகக் கஞ்சி போட்டுத் திரும்பி வந்தது. அடுத்த வாரமும் கஞ்சி. மூன்றாம் மாதம் விஷயம் வெளியே வந்தது, நாலாம் மாதம் அவன் கஞ்சி போடுகிற வீட்டுக்கே நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தான். தன் கை துவைக்க வேண்டியதை வேறொரு கை துவைத்தால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்த உலகத்தில் "என்னுது" என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது இந்தக் கோயில் துணிதான்.

இப்படிப்பட்டவளுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு ஒரு அடி விழுந்தது. பையிலிருந்து எடுத்த துணிகளில் இரண்டு, கிண்ணம் துடைக்கிற துணிகள், ஏற்கெனவே துவைத்திருந்தன. லேசான ஈரம். மடிப்பு தாறுமாறு. மூக்கருகே கொண்டுபோனாள். அவள் போடும் சோப்பு இல்லை. குளிக்கிற சோப்பின் வாசனை.

அடுத்த ஞாயிறும் அதே கதை. இந்த முறை மூன்று துணி. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் இது? எதற்காக? தன் வேலையில் என்ன குறை கண்டார்கள்? கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை வழக்கம்போலத்தான் வணக்கம் சொன்னான், ஆனால் கொஞ்சம் அவசரமாகச் சொன்னானோ? பங்குப் பேரவைச் செயலாளர் சிரித்தார். அவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? ஒருவரையும் விடாமல் சல்லடை போட்டுச் சலித்துக் கடைசியில் ஒருத்தியிடம் வந்து நின்றாள்.

அது தையற்காரி. மூன்று மாதத்துக்கு முன் அந்தத் தெருவுக்குக் குடிவந்து, ஒற்றை மெஷினுடன் கடை போட்டிருந்தவள். தவக்காலத்தில் சுரூபங்களை, கோயிலின் சிலைகளை, மூடும் ஊதாத் துணிக்குத் தானே ஓரம் அடித்துத் தருவதாக வலிய வந்து நின்றவள். வலிய வந்து நின்றவள் என்ற இடத்தில்தான் அக்காவின் மூக்கு விடைத்தது. இன்றைக்கு ஓரம், நாளைக்குத் துணி, அதற்கடுத்த நாள் அலமாரிச் சாவி. இந்த வழி அவளுக்குத் தெரியாததா?

சுரூபங்களை மூடும் நாளில், பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருக்க, ஸ்டூல் மேல் ஏறி நின்று துணியைக் குத்திக்கொண்டிருந்த தையற்காரியிடம் போய் நின்றாள்.

"ஏம்மா, தைக்கற வேலை உனக்குப் பத்தலையா? துவைக்கற வேலையும் சேர்த்து எடுத்துக்கிட்டியா?"

தையற்காரியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கைக் கையில் குத்திக்கொண்டாள். "என்னக்கா சொல்றீங்க? எனக்குப் புரியலையே."

"புரியலையாம்! பீடத்துத் துணியை யார் துவைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டியா?"

"நான் அதைத் தொட்டதுகூட இல்லக்கா. சத்தியமா."

"அதெல்லாம் யார்கிட்ட? என் மூக்குகிட்ட உன் சத்தியம் செல்லாது."

பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி அடக்கமாட்டாமல் சிரித்தும்விட்டாள். தையற்காரி கையிலிருந்த ஓரத்தை முடித்து, நூலைக் கடித்து அறுத்து, கீழே இறங்கிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவள் கோயில் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு ஏக திருப்தி.

அந்தத் திருப்தி பை திறக்கும் வரைதான். அன்றைக்கும் மூன்று துணி துவைத்திருந்தது, அதே குளிக்கிற சோப்பு. கோயில் பக்கமே வராதவள் எப்படித் துவைத்திருப்பாள்? அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆனாலும் போய் ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. சந்தேகத்தை அப்படியே தூக்கிக் கோயில்பிள்ளையின் தலைமேல் வைத்தாள்.

அப்புறம்தான் ஒரு துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் சிலுவை தைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே, காப்பி நிறத்தில் மங்கலாக ஒரு வளையம். ஒயின் கறை அப்படி இருக்காது. சோப்பு பட்டால் அது நீலம் பாயும். இந்த வளையத்தை அவள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறாள். விவரம் தெரியாதவர்கள் இரத்தம் பட்ட துணியில் சுடுதண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். பூசையில் கிண்ணத்திலிருந்து ஒயினைக் குடித்ததும் அந்தத் துணியால் வாய் துடைக்கிறவர் ஒரே ஒருவர்தான், சாமியார்.

புதன்கிழமை காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சாமியார் தங்கும் பங்கு இல்லத்துக்குப் போனாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரி பின்பக்கம் கையைக் காட்டினாள். கொடியில் பனியனுக்கும் துண்டுக்கும் நடுவே கிண்ணம் துடைக்கும் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியோடு சாமியார் நின்றார். நாற்பத்தைந்து வயது. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான், மற்றவர்களுக்கும் அதைத்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒயின் சிந்திடுச்சும்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்..."

"சாமி, சுடுதண்ணி ஊத்தினீங்களா?"

"ஆமா."

"ரத்தத்துக்கு யாராவது சுடுதண்ணி ஊத்துவாங்களா?"

அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து வயிறு எரிவதாகவும், வெறும் வயிற்றில் ஒயின் இறங்கியதும் சில நாள் இரத்தம் மேலே வருவதாகவும் மெதுவாகச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நோன்பு இருக்கச் சொன்னவன் நோன்பால படுத்துட்டான்னு பேச்சு வரும். பாஸ்கா, ஈஸ்டர் எல்லாம் முடியட்டும், டாக்டர்கிட்டப் போறேன்."

"போகமாட்டீங்க."

"போறேம்மா, நம்புங்க."

"நான் யாரையும் நம்பறதில்ல சாமி. உங்களையும் நம்பல."

சொல்லிவிட்டு நேரே கோயில் அலமாரிக்குப் போனாள். வாரநாள் பூசைக்கு ஒரு செட் மட்டும் விட்டுவிட்டு, இருந்த துணி அத்தனையையும் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலை கோயில்பிள்ளை மூச்சிரைக்க வந்தான். "நாளைக்குக் குருத்து ஞாயிறு! பீடத்துக்கு விரிக்கத் துவைச்ச துணி ஒண்ணுகூட இல்ல. துணியெல்லாம் எங்கக்கா?"

"சாமியை வரச்சொல்லு. அவர்கிட்டத்தான் தருவேன்."

சாமியார் வந்தார். வந்த வேகத்தில் கத்தவும் செய்தார். கோயில்பிள்ளை தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். துணிகள் கட்டில்மேல் ஒன்பது ஒன்பது கட்டமாக மடித்து அடுக்கியிருந்தன. அக்கா கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானும் வர்றேன். உங்களைச் சேர்த்த அடுத்த நிமிஷம் துணி கோயிலுக்கு வரும்."

"இது மிரட்டல்."

"ஆமா சாமி."

அவர் கட்டில்மேலிருந்த துணி அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. நானே திரும்பி வந்து சொல்றவரைக்கும்," என்றார். அவள் சரி என்றாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இரைப்பையில் புண் ஆழமாகி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே ஆபரேஷன். மூன்று வாரம் படுக்கை. சாமியார் பேரவைச் செயலாளருக்குப் போன் போட்டு, சொந்த வேலையாக வெளியே போவதாகவும், வேறு சாமியார் வருவார் என்றும் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மாலையே அக்கா துணிகளைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினாள்.

பங்குக்கு இது போதாதா? துணியை ஒளித்துவைத்தாள், சாமி அவள் வீட்டுக்கே போனார், வீட்டுக்குள் சத்தம், அன்றைக்கே சாமி ஊரைவிட்டுப் போனார். கோயில்பிள்ளை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. குருத்து ஞாயிறு பூசையில் எல்லார் கையிலும் குருத்து இருந்தது, கண் மட்டும் இவள்மேல் இருந்தது. துணியை விற்கப் பார்த்தாள் என்றார்கள். சாமியைப் பற்றி எதையோ மோப்பம் பிடித்து மிரட்டிவிட்டாள் என்றும் சொன்னார்கள். இது பாதி உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் வலித்தது.

பூசை முடிந்ததும் செயலாளர் கூப்பிட்டார். "துணியை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

"துவைக்க."

"சாமி எதுக்குப் போனார்?"

"அவரையே கேளுங்க."

"அப்ப சாவியைக் கொடுத்துடுங்க."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள். அதை விழுங்கினாள். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் விழுங்கிக்கொண்டே போனாள். அந்த வாரமே பெரிய வியாழன் இரவுப் பூசை முடிந்து, பீடத்துத் துணியை யாரோ ஒருத்தி அழுக்கு மூட்டை மாதிரிச் சுருட்டி எடுத்துப்போனதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். கணவன் போன அன்றுகூட அவளுக்கு அப்படி எரியவில்லை.

சனிக்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம். தையற்காரி நின்றிருந்தாள், கையில் கோயில் துணிப் பை.

"பாஸ்காவுக்குத் துவைச்சுத் தரச்சொல்லி என்கிட்டக் கொடுத்துட்டாங்க. இது உங்க வேலைக்கா. நான் தொட்டா நல்லா இருக்காது. நீங்க துவைங்க, கொண்டுபோய்க் கொடுக்கறது மட்டும் நான் கொடுக்கறேன்."

அக்கா பையை வாங்கவில்லை. இதில் என்ன உள்குத்து என்று அவள் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ஊரே நான் திருடின்னு சொல்லுது. உனக்குத் தெரியாதா?"

"சொன்னாங்க."

"நீ நம்பலையா?"

"இல்லக்கா."

"ஏன்? சாமி உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சாமியா? அவரை நான் பார்க்கவேயில்லையே."

"அப்ப கோயில்பிள்ளை? சமையல்காரி?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா."

"பின்னே எதை வச்சு நம்பறே? என்ன ஆதாரம் உன்கிட்ட?"

தையற்காரி கொஞ்சம் யோசித்தாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை போலிருந்தது.

"ஆதாரமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க அப்படிச் செய்யமாட்டீங்கன்னு தோணிச்சு."

அக்கா அவளை மறுபடியும் பார்த்தாள். எங்கே பொய் என்று கண், காது, மூக்கு அத்தனையையும் வைத்துத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு வருடத்தில் யார் முன்னாலும் அழாதவள், தான் நாலு பேர் நடுவில் அவமானப்படுத்தியவளின் முன்னால் நின்று விசும்பி விசும்பி அழுதாள். "அன்னிக்கு நான் உன்னை..." என்று ஆரம்பித்தாள். தையற்காரி பையைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.