பெஞ்சில் உட்காரவைத்தவர்

முட்டையில்தான் என் பயம் ஆரம்பித்தது.

1991, ஆடி மாதம். காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், படியில் ஒரு தூக்கு நிறையப் பால் இருக்கும். பக்கத்தில் வைக்கோல் போட்ட கூடையில் முட்டை. யார் வைத்துவிட்டுப் போனது என்று தெரியாது. முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கைக்குழந்தைக்காரி என்று யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு முன்னால் டீக்கடை வைத்திருந்தவர்தான் அந்த நினைப்பைக் கலைத்தார்.

"அது உனக்கு இல்ல வாத்தியாரம்மா. டீம் பசங்களுக்கு. நெட்டையனுக்கு மட்டும் ரெண்டு சேத்துக் குடுக்கச் சொல்லு. இந்த வாட்டி கெலிச்சே ஆவணும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் சும்மா கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த புது இன்ஜினியரிங் கல்லூரியில் பி.டி. மாஸ்டர். கூடைப்பந்து டீமுக்கும் அவர்தான் கோச். திருச்சிப் பக்கத்துக்காரர். நான் குன்றத்தூரில் பிறந்தவள். சுங்குவார்சத்திரத்தில் அந்த டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாடகைக்கு இருந்தோம். மகள் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவருக்கு எதற்கும் பயம் கிடையாது, எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டுக்கு ஒருவர் பயந்தால் போதும் என்று அந்த வேலையை அவர் என்னிடமே விட்டிருந்தார்.

கல்லூரி கட்டிய இடம் முன்பு ஊர் மாடுகள் மேய்ந்த இடம். அதனால் சுற்று ஊர்க்காரர்களுக்கு அது நம்ம காலேஜ், டீம் நம்ம டீம். முதல் வருஷம், "அடி ஓட்டையான கூடையில பந்தப் போட்டா எங்க நிக்கும்?" என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான். பிறகு கல்லூரிக்காக நிலம் போன வீடு ஒன்றிலிருந்து ஒரு பையன் அங்கே படிக்கச் சேர்ந்தான். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவான், அவ்வளவு உயரம். அவன் விளையாடத் தொடங்கியதும் டீம் மெட்ராஸ் கல்லூரி ஒன்றை ஜெயித்தது. அதோடு ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. சாயந்தரம் பிராக்டீஸ் நேரத்தில் காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கபடி பார்த்துப் பழகியவர்கள் என்பதால், "கால வாரு! வுடாதே, அமுக்கு!" என்று யோசனை சொல்வார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், பையன் கூடை போடும்வரை விசில் ஊதாமல் பஸ்ஸை நிறுத்தி வைப்பார்.

இதெல்லாம் இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியூர்க்காரர். ஜெயிக்கிறவரை வாத்தியார், தோற்றால் யாரோ என்று நான் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்ல" என்றார்.

மெட்ராஸ் டீமோடு பெரிய மேட்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், அவர் அந்தப் பையனைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துவந்தார். பையனின் சட்டையெல்லாம் மண், உதட்டில் காய்ந்த ரத்தம். விடிகாலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் இவன் தனியாக வந்து பந்து போட்டுக்கொண்டிருந்தானாம். திடீரென்று விழுந்து கைகால் இழுத்ததாம். காஞ்சிபுரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். வலிப்பு நோய்தான் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். மாத்திரை பிடித்து உடம்பு ஒரு நிலைக்கு வரும்வரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது என்றிருந்தார்.

பையன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "சார், அக்காவுக்கு ஆவணில கல்யாணம். வலிப்பு கீற வூடுன்னு தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்க சார். எங்கம்மாவுக்குக்கூட இப்ப வாணாம். கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிடறேன்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கம் அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நிச்சயதார்த்தம் நின்றிருக்கிறது என்று நானே பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அவன் இல்லாமல் மேட்ச் நடக்கப்போகிறது.

"முட்டியில அடின்னு சொல்லிடுங்க" என்றேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவக்கும். ஆனாலும் ஒத்துக்கொண்டார். மேட்சன்று காலை நானே அந்தப் பையனின் முழங்காலில் பேண்டேஜைச் சுற்றிவிட்டேன். கொஞ்சம் நொண்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கு முந்தைய சாயந்தரம் சோறு போடும்போது அவர் சொல்லியிருந்தார், "நாளைக்குத் தோக்கப்போறோம். அவன் இல்லாம முடியாது. தெரிஞ்சேதான் போறேன்."

அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மேட்சுக்கு ஊரே வந்திருந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். மெட்ராஸ் பையன்கள் ஒருபுறம் பந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நெட்டையன் நொண்டிக்கொண்டு வந்தான். பெஞ்சு வரைக்கும் சரியாகத்தான் வந்தான். அப்போது ஒரு பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. பத்தொன்பது வயசுப் பிள்ளை, சுவரெல்லாம் அவன் ஊர் ஆட்கள். பேண்டேஜ் போட்ட காலை மறந்துவிட்டான். பந்தை எடுத்தான், ஓடினான், ஒரே தாவலில் கூடைக்குள் போட்டுவிட்டு இறங்கினான். கூட்டம் அலறியது. பக்கத்தில் நின்றவள், "பாரேன், காலு நல்லாத்தான் கீது" என்றாள்.

அதற்குப் பிறகு முட்டியில் அடி என்று அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தால் யார் நம்புவார்கள்? "எறக்கு வாத்தியாரே! நெட்டையன எறக்கு!" என்று முதலில் கெஞ்சலாகக் கேட்டார்கள். பிறகு அதட்டினார்கள். கடைசியில் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. அவர் திரும்பியே பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். யாரும் கத்தவில்லை. அவ்வளவு கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். வீட்டுச் சொந்தக்காரம்மா தன் பக்கத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே தனியாக இருக்க அதைவிடப் பயமாக இருந்தது.

டீக்கடைக்காரர் முன்னால் நின்றார். கையில் ஒரு தட்டு, அதில் கற்பூரம்.

"மெட்ராஸ் காலேஜில வேல தர்றேன்னாங்களாமே சார்? அதுக்காவத்தான் பையன ஒக்கார வெச்சியா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் எறக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். கொயந்த தலைல ஒரு கைய வெய்யி. இன்னொரு கையால இந்தக் கற்பூரத்த அணைச்சி, தெரிஞ்சி தோக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு. போயிடறோம்." டீக்கடைக்காரர் தீக்குச்சியைக் கிழித்தார்.

இவர் தெரிந்துதான் தோற்றார். என்னிடமே சொல்லியிருக்கிறார். எரிகிற கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். படித்தவள்தான் நான். ஆனால் என் பிள்ளை தலைமேல் என்று வரும்போது படிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. நம்பினேன். முழுசாக நம்பினேன்.

கூட்டத்துக்குப் பின்னால், டீக்கடை பல்பு வெளிச்சத்தில் அந்தப் பையன் நின்றிருந்தான். முழங்காலில் நான் சுற்றிய பேண்டேஜ் அப்படியே இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் குழந்தை தப்பிக்கும். அவன் அக்கா கல்யாணம் நின்றுபோகும். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் திரும்பினார். அவர் வலது கை உயர்ந்தது. குழந்தையின் தலைப் பக்கம் வந்தது.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போய்விட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். பெண்டாட்டியே நம்பவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஒருவன், "அதான் தெரியுதே" என்றான்.

"சார் மேல தப்பு இல்ல!" என்று பின்னாலிருந்து பையன் கத்தினான். ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "சார் மேல..." என்று மறுபடி ஆரம்பித்தவன் நடுவிலேயே நின்றான். கண் ஒரு பக்கமாக இழுத்தது. அவ்வளவு உயரமும் அப்படியே சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, காக்கா வலிப்பு! சாவி குடு, சாவி! இரும்பு குடுங்கடா கைல!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் பாய்ந்துபோய் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். தன் துண்டைத் தலைக்கு அடியில் வைத்தார். "தள்ளுங்க, காத்து வரட்டும். பிடிக்காதீங்க, தானா நிக்கும்" என்றார். அவர் குரல் மைதானத்தில் கேட்பதுபோல அதிகாரமாக இருந்தது. எல்லோரும் விலகினார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். குழந்தை அழ ஆரம்பித்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. பையன் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். "சார், நான் எறங்கட்டா?" என்று கேட்டான்.

டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரரையே பார்த்தார். "இதுக்காவா சார்?"

"அவங்க அக்காவுக்குக் கல்யாணம்" என்றார் இவர்.

கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. டீக்கடைக்காரர் இன்னொரு கட்டியை வைத்துக் கொளுத்தினார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒவ்வொருத்தனா வா. இங்க நீ இன்னா பாத்தே? ஒண்ணும் பாக்கல. பையனுக்கு முட்டில அடி. அத்தச் சொல்லி அணைச்சிட்டு வூட்டுக்குப் போ. எவனாவது குடிச்சிட்டு எங்கனா ஒளறினான், அப்புறம் நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது."

ஒவ்வொருவராக வந்தார்கள். அணைக்க அணைக்கக் கொளுத்திக்கொண்டே இருந்தார். சற்று முன் என் வீட்டுக்காரரைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டவன்கூட வந்து கையை வைத்தான். வாசலெல்லாம் புகை. கடைசியில் என்னைப் பார்த்தார். "வாத்தியாரம்மா, நீயும்." குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் அணைத்தேன். உள்ளங்கை சுட்டது.

பயம் அதோடு தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். ஆவணி வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. நாற்பது வாய், அதில் பாதி பிராந்திக்கடைக்குப் போகிற வாய். பஸ்ஸில் யாராவது குசுகுசுத்தால் காதைத் தீட்டிக்கொள்வேன். மாப்பிள்ளை வீட்டார் சுங்குவார்சத்திரம் பக்கம் வந்துபோனார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கல்யாணம் குன்றத்தூர் மலைக்கோயிலில் நடந்தது. நாங்களும் போனோம். அந்த நாற்பது பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "உங்க ஊர்ல பந்து ஆடற பையன் இவன்தானா? இப்ப ஏன் ஆடறதில்ல?" என்று சாதாரணமாகக் கேட்டார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில், "முட்டில அடி" என்றார்கள். தாலி ஏறியது. அந்தப் பெண் மறுவீடு போய்வந்த பிறகு பையன் தன் அம்மாவிடம் தானே சொன்னான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் போகும்போது காற்று சுகமாக வீசியது. இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை என்று அப்போதுதான் மனசு லேசானது. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அன்னைக்கு நீ பின்னாடி போனே பாரு" என்றார்.

"கால் தானாப் போச்சுங்க. உங்கள நம்பாம இல்ல."

"அதுக்குச் சொல்லல. நீ போகலேன்னா பாப்பா தலைல கைய வச்சிருப்பேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் காது சிவக்கவில்லை. மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் குலுக்கலில் தலை ஆடாமல் இருக்க அவர் கை அவள் தலைமேல் இருந்தது. நான் குழந்தையை வாங்கி என் மடியில் போட்டுக்கொண்டேன்.