சூட்கேஸில் இருந்த கடைசிக் கல்

திரேஸ்புரத்தில் மீன் ஏலம் முடிந்து தெரு அடங்கியிருக்கிறது. ஜெயராணியின் வீட்டுத் தரையில் ஒரு சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்த அவள் கணவர் போன வருடம் கப்பலிலேயே இறந்துவிட்டார். உடலுக்குப் பின்னால் வந்த பெட்டி இது. அவர் சேர்த்த படிகக் கற்களை அவள் விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, வாங்குவதற்காக மதுரையிலிருந்து வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு கல்லும் ஒரு காலுறைக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாக உருவி என் கையில் வைக்கிறாள்.

“இது எந்த ஊருக் கல்லுன்னு சொல்லுங்க சார். அவிய எங்கெங்க போனாவன்னு எனக்குத் தெரியாது. போன் பண்ணுனா பிள்ளைகளப் பத்தித்தான் கேப்பாவ.”

மைநீலக் கல்லை மொரோக்கோ என்கிறேன். மயில்கழுத்துப் பச்சையைக் காங்கோ என்கிறேன். ஒவ்வொரு பெயரையும் அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கோ அந்த நீலத்தைக் கீழே வைக்க மனமில்லை. இப்படியொன்றைப் பல வருடமாகத் தேடுகிறேன்.

கடைசிக் காலுறையில் நிறமே இல்லாத ஒரு கல், உடைந்த கண்ணாடி போல. அதை ஒதுக்கி வைக்கிறேன்.

“அது எந்த ஊரு, சார்?”

“வெறும் ஜிப்சம்தாம்மா. விலை போகாது. உங்க ஊர் உப்பளத்துல விளையுறதுதான்.”

அவள் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்க்கிறாள்.

“இத அவிய இங்கனருந்துல்லா கொண்டு போயிருக்காவ.”

அதை மட்டும் பழையபடி காலுறைக்குள் போட்டு முடிச்சிடுகிறாள்.

“மத்ததெல்லாம் எடுத்துக்கிடுங்க, சார்.”