கரிசல் காட்டில் எண்பது மீட்டர்: நூறாவது நாடு தேடிப் போன பொங்கல்

பொங்கல் விடுமுறைக்கு ஆளாளுக்குக் கொடைக்கானல், கன்னியாகுமரி என்று கிளம்ப, நானும் என் வீட்டுக்காரரும் நாற்பது அடி அலுமினியக் குழாயை ஆறு துண்டாகக் கழற்றித் தூக்கிக்கொண்டு எப்போதும்வென்றானுக்குப் போனோம். 2008 பொங்கல். ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்கிப் போனதாக நினைக்க வேண்டாம், காரணம் வேறு.

நான் மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பதினொரு வருடமாக அமெச்சூர் வானொலி உரிமம், அதாவது சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசும் 'ஹாம்' உரிமம், வைத்திருக்கிறேன். எண்பது மீட்டர் அலைவரிசையில் தொண்ணூற்றொன்பது நாட்டுக்காரர்களோடு தந்தி மொழியில் பேசி, அவர்கள் தபாலில் அனுப்பிய அத்தாட்சி அட்டைகளை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நூறு அட்டை சேர்ந்தால் சான்றிதழ். நூறாவதாக அமெரிக்காவைப் பிடிக்கப் போகிறேன் என்று எங்கள் சங்கத்தில் சொன்னதற்கு ஒரு பெரியவர் சிரித்தார். "தெக்குக் கோடியில இருந்துக்கிட்டு, ஒத்தக் கம்பியக் கட்டி அமெரிக்காவா? நடக்கிற கதையாம்மா?" அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எண்பது மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைக்குச் சூரியன்தான் வில்லன். பகல் வெயில் வானத்தில் ஓர் அடுக்கை உண்டாக்கி எங்கள் சிக்னலை அப்படியே விழுங்கிவிடும். இருட்டினால் அந்த அடுக்கு கலைந்து, சிக்னல் இன்னும் உயரே போய் முட்டித் திரும்பி, கடல் தாண்டிப் போகும். விடிகிற அந்தச் சில நிமிடங்களில் தூரத்துச் சிக்னல் திடீரென்று எழும்பும். பிறகு செத்துப்போகும். சூரியப் புள்ளிகள் குறைந்த வருடங்கள் எங்களுக்கு நல்ல காலம், இப்போது நடப்பது அதுதான்.

மதுரை வீட்டில் டியூப்லைட், டிவி, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து காதை அடைக்கும். கரிசலில் அந்தத் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், அந்த ஈரமண்ணின் மேல் ஏரியல் கம்பம் நட்டால் சிக்னல் தாழ்வாகக் கிளம்பி வெகுதூரம் போகும். என் வீட்டுக்காரரின் அலுவலக நண்பருக்கு அங்கே உளுந்து எடுத்து முடித்த காடு ஒன்றும், பூட்டிக் கிடந்த வீடு ஒன்றும் இருந்தன. எங்களுக்கு இரண்டு விடியல்கள்தான் கிடைக்கும். மூன்றாம் நாள் இருவருக்கும் வேலை.

போகிப் பண்டிகையன்று காலை 6.15-க்கு மாட்டுத்தாவணியில் பஸ். கோவில்பட்டி நூறு கிலோமீட்டர், தலைக்கு 34 ரூபாய், சாலை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் இரண்டே முக்கால் மணி நேரம். பேருந்து நிலையத்தில் கடலை மிட்டாய் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு லோடு ஆட்டோ பிடித்தோம். எப்போதும்வென்றான் எட்டயபுரம் வழியாக 27 கிலோமீட்டர். ஓட்டுநர் மாரிச்சாமி 400 கேட்டார், 350-க்கு வந்தார்.

குழாய்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, காத்தாடிக் கம்பெனியா? காத்த அளக்க வந்திருக்கீயளா?"

கயத்தாறுப் பக்கம் காற்றாலைக்காரர்கள் இப்படித்தான் கம்பம் நட்டுக் காற்றை அளப்பார்கள். அமெச்சூர் வானொலி என்றால் என்ன என்று விளக்கச் சோம்பல்பட்டு, என் வீட்டுக்காரர் "ஆமா" என்று தலையாட்டிவிட்டார். இந்த மனுஷனை என்ன சொல்ல! காற்றாலை வந்தால் நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குள் கம்பம் எழுந்துவிட்டது. அதைச் சுற்றித் தரையில் பதினாறு கம்பிகள். இது போக, கேட்பதற்கென்று ஐந்நூறு அடி நீளக் கம்பி ஒன்று உண்டு, இடுப்பு உயரத்தில் குச்சிகளில் கட்டுவது. எந்தத் திசைக்கு நீட்டுகிறோமோ அந்தத் திசைச் சிக்னல்தான் நன்றாகக் கேட்கும். அதை வடக்கே நீட்டினேன், ஏனென்றால் அமெரிக்காவுக்குக் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகிறது.

பொங்கலன்று விடியலில் ஒன்றுமே கேட்கவில்லை. வழக்கமாகக் கத்தும் வட ஐரோப்பியர்கள்கூட இல்லை. ஏழரை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்பது ரூபாய் டிக்கெட்டில் இருவரும் கோவில்பட்டிக்குப் போனோம். பண்டிகை நாளில் திறந்திருந்த ஒரே ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தால், கே எண் ஐந்து. பூமியின் காந்தப் புலம் எவ்வளவு ஆடுகிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூஜ்யம் முதல் ஒன்பது வரை போடும் எண் அது. ஐந்து என்றால் காந்தப் புயல். சூரியனிலிருந்து வரும் துகள்கள் துருவங்களின் அருகே இறங்கி, அந்த வழியாகப் போகும் சிக்னலையெல்லாம் உறிஞ்சிவிடும். அமெரிக்க வழிக்குக் கதவு சாத்தியாயிற்று.

"மூட்டையைக் கட்டிருவோமா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் திரும்பும் பஸ்ஸில்தான் புத்திக்கு உறைத்தது. இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தானே போகிறது? துருவத்தில் என்ன ஆட்டம் நடந்தாலும், துருவத்தைத் தொடாத வழி திறந்திருக்கும். ஆப்பிரிக்காவைத் தாண்டினால் பிரேசில். பிரேசிலும் என் பட்டியலில் இல்லை. நம்முடைய குறை என்று அந்தப் பெரியவர் சொன்னது நம்முடைய பலம்.

கேட்கும் கம்பியை மேற்குக்குச் சற்றுத் தெற்காகத் திருப்ப வேண்டும். அங்கே சீனியம்மாள் என்பவரின் பருத்திக் காடு. போய்க் கேட்பதற்குள் அவரே வந்துவிட்டார்.

"ஏன் தாயி, எங்க காட்ட அளக்க மாட்டீயளா? இங்கன காத்து அடிக்கலையா?"

உண்மையைச் சொன்னேன். காற்றாலை இல்லை, வானொலி, அமெரிக்காவோடு பேச வந்தோம். உங்கள் பருத்திக்கு மேலே ஒரு கம்பி போக வேண்டும், ஒரே ஒரு ராத்திரிக்கு, ஒரு செடியும் ஒடியாது.

கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்பம் காத்தாடி வராதா?"

"வராதும்மா."

"சரி, கட்டிக்கிடுங்க. ஆனா காத்தாடி இல்லைன்னு ஊருக்குள்ள மூச்சு விடப்பிடாது. மேலக்காட்டுக்காரவிய என் காட்ட ஒண்ணுத்துக்கும் ஆவாத காடுன்னு சொல்லிட்டுத் திரியுதாவ. ரெண்டு நாளாவது அவியளுக்கு வயிறு எரியட்டும்."

குச்சி நடும்போது அவரே கூட வந்து, செடி சாயாமல் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

மாட்டுப் பொங்கல் விடியல், எங்களுக்கு மிஞ்சிய கடைசி விடியல். 5.40-க்குக் கருவி முன்னால் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஊரில் கரண்டு போனது. என் கருவி பேட்டரியில் ஓடுவதால், எல்லோரும் திட்டும் மின்வெட்டு எனக்கு வரம். இரைச்சல் சட்டென்று விழுந்தது. 6.29-க்கு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மெல்லிய தந்தி ஒலி. அனுப்பியவரின் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு தரும் அடையாள எழுத்துகள், நாட்டைச் சொல்லிவிட்டது: பிரேசில்! யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு முறை பதில் அனுப்பினேன். கேட்கவில்லை. ஐந்தாவது முறை என் அழைப்புக்குறியில் பாதியைப் பிடித்துவிட்டு, மீதி என்ன என்று கேள்விக்குறி போட்டார். கிழக்கே வெளுத்துவிட்டது, இன்னும் பத்து நிமிடம் தாண்டாது. நிதானமாக, எழுத்து எழுத்தாக, இரண்டு முறை அடித்தேன். 6.43-க்கு என் முழு அழைப்புக்குறியும் அங்கிருந்து திரும்பி வந்தது. 6.55-க்கு அவர் சிக்னல் அடியோடு மறைந்துபோனது.

நான் போட்ட கூச்சலில் சீனியம்மாள் பருத்திக்குள்ளிருந்து ஓடிவந்தார். "அமெரிக்காக்காரன் பேசிட்டானா?"

"இல்லம்மா, பிரேசில்காரன்."

"அது அமெரிக்காவ விடப் பெருசா?"

"இன்னிக்குப் பெருசுதான்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உரிமத்தில் இருக்கும் முகவரியை விட்டு வெளியே இயக்க அனுமதிக் கடிதம் வேண்டும், முன்கூட்டியே வாங்குங்கள். காவல் நிலையத்தில் நகல் கொடுத்துவிடுவது நிம்மதி. தை மாதம் நல்லது, ஆனால் மழை பெய்தால் கரிசலில் செருப்பு ஒன்றுக்கு ஒரு கிலோ மண் ஏறும். 12 வோல்ட் பேட்டரி இரண்டு போதும். இருவருக்கும் எல்லாச் செலவும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்க்குள். யார் கேட்டாலும் என்ன செய்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள், சோம்பல்படாதீர்கள். முக்கியமாக, கே எண் ஐந்து என்று பார்த்ததும் பயணத்தை ரத்து செய்யாதீர்கள், கம்பியைத் திருப்பிக் கட்டுங்கள்.

ஏழு வாரம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. போன செவ்வாய்க்கிழமைதான் பிரேசில் அட்டை வந்தது. தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் சரி. நூறு! பின்பக்கத்தில் அவர் பேனாவால் எழுதியிருந்தார்: "அன்று முழுவதும் ஆசியாவிலிருந்து எனக்குக் கேட்டது நீங்கள் ஒருவர் மட்டும்தான். எங்கே இருக்கிறீர்கள்?"

பதில் அட்டையில் கரிசல் காடு என்று தமிழிலேயே எழுதி, தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.