கேட்காமல் விட்ட வரி

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப டைப் அடிக்கச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மனு எழுதும் கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் சொல்வதை முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் குறித்துக்கொண்டு, அப்புறம் அரசு இணையதளத்தில் ஏற்றுவேன். நெட் எப்போது படுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்! குறிப்பெடுக்க நானே ஒரு டெம்ப்ளேட் செய்திருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் பெயர், தகப்பனார், ஊர், சாதி என்று வரிசையாகத் திறக்கும். கர்சர் ஒவ்வொரு வரியிலும் நிற்கும். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்ததும் சாதிச் சான்றிதழுக்குக் கூட்டம் அள்ளியது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் சாதிக்காரர்கள். எதற்கு ஒவ்வொரு தடவையும் அடிப்பது என்று அந்த வரியில் எங்கள் சாதிப் பெயரையே போட்டு, கர்சர் அங்கே நிற்காமல் தாண்டும்படி மாற்றினேன். வேறு ஆட்கள் வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு. பெரிய மூளைக்காரன்!

கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்த அன்று சாலை மறியல். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பழங்குடிச் சான்றிதழை அந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவள் அப்பாவின் சான்றிதழே என் கையில் இருந்தது. இருந்தும் கர்சர் நின்ற இடங்களில் மட்டும் கேட்டேன். குறிப்பை அப்படியே இணையதளத்தில் ஏற்றினேன்.

"ஒருவாட்டி படிச்சிக் காட்றீங்களாண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாம் கரெக்டாத்தான் கீது. பஸ்ஸ நிறுத்திடப் போறாங்க, கெளம்புங்க" என்று விரட்டினேன்.

அடுத்த மாதம் வந்தார்கள். அப்பாவின் சான்றிதழும் மனுவில் இருந்த சாதியும் ஒத்துப்போகவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்களாம். நர்சிங் இடம் போய்விட்டது. குறிப்பைத் திறந்து பார்த்தேன். அந்த வரியில் என் சாதி இருந்தது.

"இன்னா தம்பி ஆச்சு? நாங்க எதுனா தப்பா சொல்லிட்டமா?" என்று கேட்டார் அம்மா.

கடை நிறைய ஆட்கள். "சொல்லும்போதே சரியா சொல்லியிருக்கணும்மா" என்றேன். பாவி, எப்படித்தான் வாய் வந்ததோ!

அவர் மகள் பக்கம் திரும்பினார். "படிச்சவதான நீ? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கேட்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வருடத்துக்காவது சான்றிதழ் வேண்டும். அன்றும் மறியல், அந்தத் தெருவில் திறந்திருந்த மனுக்கடை என்னுடையது மட்டும்தான்.

"நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன்" என்றாள். பிறகு என்னிடம், "இன்னொரு வாட்டி எழுதுங்கண்ணா. இந்த வாட்டி சரியா சொல்றேன்" என்றாள்.