இரண்டாவதாக நடந்தவள்

எழுதுவது என் வேலையில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒரு மனுவும்தான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவள், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போனதைத்தான் எழுதுகிறேன். இது என் ஓர்ப்படியைப் பற்றியது, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவியைப் பற்றியது. அவள்மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்து எழுதினால் எழுதுவதில் பயனில்லை.

நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு சிவப்பு டோக்கன். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான பிளாஸ்டிக், அதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே லைனில் வேலை. நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். பலகை மெதுவாக நகர்ந்து வரும், அவரவர் பங்கு வயரைப் பொருத்தி டேப் சுற்றி அடுத்தவளுக்கு விட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் அவளுக்கு அடுத்தவள் கை சும்மா நிற்கும். அதனால் பாத்ரூம் போகிறவள் அந்த டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இருபத்தாறு பெண்களுக்கு ஒரே டோக்கன். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஷெட்டில் இருக்கிற ஆண்கள் அத்தனை பேருக்கும் நாம் எங்கே போகிறோம் என்று தெரியும். நான் முடிந்தவரை போகவே மாட்டேன். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவேன். அவள் அப்படியில்லை. டோக்கனை ஆரம் மாதிரி மாட்டிக்கொண்டு, "வழி வுடுங்கப்பா, மேடம் ஊர்வலம் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே போவாள். ஆண்களே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அவள் எப்போதும் அப்படித்தான். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு வருஷம் கழித்து வந்தவள் அவள். ஆறு வருஷத்தில் என் மாமியார் என்னோடு பேசியதைவிட அவளோடு ஆறு நாளில் அதிகம் பேசினார். என் பிள்ளைகள் இரண்டும் பள்ளிவிட்டு வந்தால் பையை என் வாசலில் எறிந்துவிட்டு அவள் வாசலுக்குத்தான் ஓடும். தெருவில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் கொஞ்ச நாளில் "அவளோட ஓர்ப்படி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ் டிரைவர் அவள் ஓடி வருவது தெரிந்தால் அரை நிமிடம் நிறுத்துவார். நான் ஓடி வந்தால் கிளம்பிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, நான் வருவது அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் அவள் என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டதுண்டு. கேட்டுக்கொண்டதால் பொறாமை குறையவில்லை.

ஆனால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் அவளுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். அந்த மாதம் எனக்கு நாள் தள்ளி வந்து, வேலை நடுவில் திடீரென்று அதிகமாகிவிட்டது. ஆணியைப் பார்த்தேன், காலி. வாந்தி வருகிறதென்று ஒரு கர்ப்பிணிப் பெண் எடுத்துப் போயிருந்தாள். பத்து நிமிடம் நின்றேன். கால் வழியாக இறங்குவது தெரிந்தது. எங்கள் யூனிஃபார்ம் கோட்டு வெளிர் நீலம், இடுப்புக்குக் கீழே கொஞ்சம்தான் வரும். பின்னால் நிற்கிறவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது காது அடைத்துக்கொண்டது. கையிலிருந்த டேப்பைப் பலகையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். சூப்பர்வைசர், என்னைவிட வயதில் சின்னவன், எதிரில் வந்து, "டோக்கன் எங்க?" என்றான். நான் அழுதுகொண்டிருந்தேன். நிற்காமல் நடந்தேன். அப்போது எனக்குப் பின்னால், முதுகை ஒட்டினாற்போல, செருப்புச் சத்தம். ஓர்ப்படி தன் கோட்டைக் கழற்றி என் பின்பக்கத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணாத்த, அது டோக்கன் கேட்டுகினா வருது?" என்று அவனிடம் கேட்டது அவள்தான். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்துவிட்டார்கள். அன்று லைன் கால் மணி நேரம் நின்றது. யாரையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் ஆணி மட்டும் இருந்தது, டோக்கன் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. ஆனால் ராத்திரி படுத்தால், நான்தான் முதலில் நடந்தேன் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு மட்டும் இருந்த ஒரு பொருள்.

போன வருஷம் சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடுவாஞ்சேரிக்காரி, சட்டம் படிக்கிறவள். ஓர்ப்படி நோட்டீஸை வாங்கிக்கொண்டு அவளோடு பத்து நிமிடம் பேசினாள், நான் இருவர் பையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமல்லபுரத்துக்கு முன்னால் கடற்கரையோரம் ஒரு சவுக்குத் தோப்புக்குள், ஞாயிற்றுக்கிழமை, இளைஞர்கள் கூடி உலகத்தில் பெண்களுக்கு எங்கெங்கே என்னென்ன நடக்கிறது என்று பேசப்போகிறார்களாம். வேலைக்குப் போகிற பெண்களும் வர வேண்டுமாம். "போலாம் யக்கா, கடலையாவது பாத்துகினு வரலாம்" என்றாள் ஓர்ப்படி. போனோம்.

கூரை போட்ட பெரிய இடம். தரையில் பாய். முப்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் படூர் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, ஒரு நாட்டில் பெண் பிள்ளைகள் ஆறாவதுக்குமேல் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று வைத்திருப்பதையும், அங்கே வீட்டுக்குள் திரைபோட்டு ரகசியமாகப் பாடம் நடப்பதையும் சொன்னான். இன்னொரு பெண், ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்பது பணக்கார நாடுகளிலும் இருக்கிறது என்றாள். அதற்கு ஒருவன், அங்கேயெல்லாம் சட்டம் இருக்கிறதே என்றான். "சட்டம் இருந்தா? எங்க வூட்லகூடத்தான் ஃபில்டர் கீது, தண்ணி வரணும்ல" என்றாள் கூலியைப் பற்றிப் பேசிய பெண். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆண் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, யோசிக்காமல் எதிர்ப்பேச்சுப் பேசுகிற அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். என் இருபது வயது எங்கே போனது என்று நினைத்தேன். அவர்கள்மேலும் பொறாமைதான் வந்தது, பெருமை வந்தது என்று எழுதினால் பொய்.

பிறகு ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள். நேபாளத்தில் ஏதோ மலை ஊர், படூரில் நர்சிங் படிக்க வந்தவள். "எங்க ஊரு பக்கம் அந்த நாலு நாளு வீட்டுக்குள்ள வரக் கூடாது. மாடு பக்கத்துல சின்ன குடிசை. கதவு இல்ல. என் சித்தி அங்கதான் படுக்கும். குளிர்ல காய்ச்சல் வந்து ஒரு மாசம் எந்திரிக்கல" என்று கற்றுக்கொண்ட தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கூடுவாஞ்சேரிப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க வேலை செய்யற இடத்துல எப்படி?" என்று பொதுவாகக் கேட்டாள். இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. முதல் வாக்கியத்தை மனசுக்குள் கோத்துக்கூட வைத்துவிட்டேன். வாய் திறப்பதற்குள் ஓர்ப்படி எழுந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். டோக்கன், ஆணி, கர்ப்பிணிப் பெண், வெளிர் நீலக் கோட்டு. ஆனால் கறை பட்டது தனக்கு என்று சொன்னாள். டேப்பை விட்டுவிட்டு முதலில் நடந்தது தான் என்று சொன்னாள். சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி, "அண்ணாத்த, அது டோக்கன் கேட்டுகினா வருது?" என்றபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நேபாளத்துப் பெண்கூடச் சிரித்தாள். பையன் ஒருவன் போனை ஸ்டாண்டில் வைத்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மற்ற நாடுகளில் இருக்கிற இவர்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டாள்.

அப்போது கூடுவாஞ்சேரிப் பெண் கேட்டாள்: "அக்கா, மொதல்ல போனவங்களுக்கு வேற வழி இல்ல, போய்த்தான் ஆகணும். ரெண்டாவதா ஒருத்தங்க கோட்ட கழட்டி மறைச்சிகினு வந்தாங்கன்னு சொன்னீங்கல்ல, அவங்களுக்கு இன்னா அவசியம்? அவங்க பேசாம நின்னிருக்கலாம். அவங்க யாரு?" ஓர்ப்படி என்னைக் காட்டினாள். "இதோ குந்திகினு கீதே, எங்க அக்காதான்." எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். அவளுக்குத் தட்டியதைவிட அதிக நேரம் தட்டினார்கள். "ஆமாவா அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அந்தக் கைதட்டல் என்னுடையது இல்லை. கோட்டைக் கழற்றியது அவள். அவசியம் இல்லாமல் வந்தது அவள். அதுவரைக்கும், முதலில் நடந்ததுதான் பெரிது என்று நினைத்திருந்தேன். அந்தச் சட்டம் படிக்கிற பிள்ளை கேட்ட பிறகுதான், அன்றைக்கும் பெரிய காரியம் செய்தவள் அவள்தான் என்று எனக்கு விளங்கியது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் இல்லாத பெருமை ஒன்றாவது எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கிளம்பும்போது அந்தப் பெண் இருவர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, "படத்துல ஏதாவது மாத்தணும்னா நாளைக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் நான் அவளிடம் கேட்டேன். அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மே மாத்தி சொன்ன?"

"இன்னாத்த?"

"மொதல்ல போனது நானு."

அவள் கடலையை என் கையில் கொஞ்சம் கொட்டினாள். "அத்த சொல்லியிருந்தா அங்க இருந்த பசங்க எல்லாம் உன்னியேதான் பாத்துகினு இருக்கும். அப்பறம் நீ அந்தப் பாய வுட்டு எய்ந்திருப்பியா? எனக்கு இன்னா வெக்கம். நான் சொன்னா சிரிச்சிட்டு பூடுவாங்க."

"அப்ப சொல்லாமலே இருந்திருக்கலாம்ல."

"அது எப்டி? அந்த மலைப் பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து வந்து சொல்லிகினு கீது. நாம வாய மூடிகினு வடை துன்னுட்டு வர்றதா?" மடியில் இருந்த கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டாள். "உனக்கு வோணும்னா நாளைக்கி போன் போட்டு சொல்லு. அவ பொய் சொல்ட்டா, மொதல்ல போனது நாந்தான்னு சொல்லு. நான் ஒண்ணியும் கோச்சிக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளால் அப்படி இருக்க முடிகிறதே என்றுதான் அப்போதும் வயிறு எரிந்தது. என் கறையை அவள் எடுத்துக்கொண்டது எனக்காகத்தான். அதை நான் நம்புகிறேன். ஆனால் கறையோடு சேர்ந்து நடையும் போய்விட்டது. இரண்டையும் பிரித்துக் கொடுக்க அவளுக்கும் தெரியவில்லை, கேட்டு வாங்க எனக்கும் தெரியவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவள் அந்தப் பிள்ளைகளோடு போகிறாள். செங்கல்பட்டில் பேசியிருக்கிறாள், போன மாதம் ஒரு கல்லூரியில் பேசினாள். பிள்ளைகள் அவளைத் தேடி வீட்டுக்கு வந்தால் நான்தான் டீ போடுகிறேன். ஒருத்தி என்னிடம், "நீங்கதான அந்த ரெண்டாவது அக்கா?" என்று கேட்டு என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடுவாஞ்சேரிப் பெண் போன் செய்தாள். ஓர்ப்படியின் போன் அணைந்திருந்ததாம். படத்தின் அடியில் போட அவளுடைய முழுப் பெயர் வேண்டும், மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். ஓர்ப்படியின் பெயரைச் சொன்னேன். மணி அடித்தது, டிஃபன் பாக்ஸைக் கழுவிவிட்டு லைனுக்குப் போனேன்.